பைக் சீட்டு மேல ஒரு கை

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்ட அம்மா படங்கள் இந்தக் கவர்ல இல்ல. ஃபிலிம் ரோலைத் திருப்பிச் சுத்தியாச்சுன்னு நினைச்சு கேமராவோட பின்மூடியைத் திறந்துட்டேன். உடனே மூடினேன். ஆனா கடைசியா எடுத்த அம்மா படமெல்லாம் மேல்சுத்துல இருந்ததால வெளிச்சம் பட்டுப் போச்சு. உள்சுத்து தப்பிச்சதுன்னு ஸ்டுடியோக்காரர் சொன்னார்.

உள்சுத்து முழுக்க என் புது பைக்தான். 'முதல்ல அம்மாவை எடுடா'ன்னு சொல்லித்தான் நீ கேமராவை அனுப்பினே. அம்மா எங்க போயிடப் போறாங்கன்னு இருந்துட்டேன். திரும்ப எடுத்துக்கலாம்னு சொல்லவும் இனி வழியில்ல.

ஒரு படத்துல மட்டும் சீட்டு மேல அம்மாவோட கை இருக்கு. முகம் இல்ல. 'தள்ளி நில்லும்மா, படத்துல விழுற'ன்னு நான்தான் சொன்னேன்.

அதைப் பெருசாக்கி அனுப்பியிருக்கேன். ஸ்டுடியோக்காரர்கிட்ட பைக்கை வெட்டிடச் சொன்னேன். 'அப்போ கையும் போயிடுமே'ன்னார்.

உன் தம்பி