விரதத்தில் நிறுத்திய மாத்திரை

அன்புள்ள அப்பா,

பந்திங் ஊரில் நீங்களும் அம்மாவும் நலமா? பிரிக்பீல்ட்ஸ் பள்ளி விடுதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தைப்பூச விரதம் முடியும்வரை எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள் என்று அம்மா சொன்னார். போனில் கேட்டால், "உடம்பு நல்லாத்தான்மா இருக்கு" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

உயிரியல் வகுப்பில் அந்தக் கிருமியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "டாக்டரம்மா, மணி அடிச்சிருச்சு லா, விடு!" என்று தோழி சிந்து கத்தினாள். நானும் சிரித்தேன்.

கிருமி புகுந்த உயிரணு, உள்ளே பகை இருப்பதைக் காட்ட வெளியில் ஓர் அடையாளம் வைக்குமாம். கிருமியின் நெஃப் என்ற புரதம் அதை உள்ளே இழுத்து மறைத்துவிடுகிறது. காவல் அணுக்கள் தெரியாமல் கடந்துபோகின்றன. வலியே இருக்காது அப்பா. மாத்திரைதான் கிருமியைப் பெருகவிடாமல் தடுக்கிறது.

இங்குள்ள கோயில் குருக்களிடம், யாருக்கென்று சொல்லாமல் கேட்டேன். "மருந்து சாப்பிட்டா விரதம் கெடாதும்மா" என்றார்.

என்னைப் பார்க்க வரும்போது என் குடையைக் கொண்டுவாருங்கள். தினமும் மழை, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளை அழைத்துப்போக அப்பாக்கள் வருகிறார்கள்.

படிப்பு நேரத்துக்கு அழைக்கிறார்கள். காவடி எடுக்க நீங்கள் இருக்க வேண்டும். கெஞ்சுகிறேன் அப்பா, இதை மடித்து வைக்காமல் கையில் பிடித்தபடியே கிளினிக்குக் கிளம்புங்கள்.

உங்கள் அமுதவள்ளி