ஆரோக்கியமானவர், எண் நாற்பத்தொன்று

அண்ணே,

இன்று காலை காரைக்கால் பேருந்து நிலையத்தில் ஓர் ஆட்டோவில் ஏறினேன். உள்ளே தைல வாசனை. எங்கே போக வேண்டும் என்று ஓட்டுநர் கேட்டார். உங்கள் ஆட்டோவில் அந்தக் கேள்வியே கிடையாது. "ஏறுங்க டாக்டரம்மா" என்பீர்கள், அவ்வளவுதான். நான் டாக்டர் இல்லை, ஆய்வுக்கு மாதிரி சேகரிக்கிறவள் என்று எத்தனை முறை சொன்னாலும் நீங்கள் விட்டதில்லை.

குடலில் வாழும் கிருமிகள் என்னென்ன பொருள்களை உண்டாக்குகின்றன, அவை எந்த நோயோடு சேர்ந்து வருகின்றன என்று ஒரு தரவுத்தளத்தில் பதிவதுதான் எங்கள் வேலை. அதற்காக நெரவியிலும் பட்டினச்சேரியிலும் வீடு வீடாக மலமும் ரத்தமும் வாங்கினோம். ஐஸ் பெட்டி பின் சீட்டில் என் பக்கத்தில் இருக்கும். ஊரே பெட்டியில் மீன் கொண்டு போகிறது, நீங்கள் கொண்டு போவதைப் பாருங்கள் என்று கேலி செய்வீர்கள். திரும்பும் வழியில் டீக்கடை. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து டீயோடு விழுங்குவீர்கள், முதுகுவலிக்கு. நாள் தவறாமல் அதைப் பார்த்திருக்கிறேன்.

நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்கள் பட்டியல் ஒன்றும் வேண்டும். அதில் ஓர் ஆள் குறைந்தது. தருவதாகச் சொன்னவர் வெட்கப்பட்டுக் கடைசி நாளில் நழுவிவிட்டார். நானே தருகிறேன், எனக்கென்ன கேடு என்றீர்கள். டீக்கடை வாசலில், ஆட்டோவிலேயே படிவத்தை நிரப்பினோம். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

"மருந்தா? அதெல்லாம் நமக்குப் பழக்கமில்லம்மா."

இல்லை என்று எழுதினேன். நீங்கள் பொய் சொல்லவில்லை. நோயாளி சாப்பிடுவது மருந்து. நீங்கள் போட்டது மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. நம் பேச்சில் இரண்டும் வேறு வேறு. எனக்கும் அதே பேச்சுதானே. சற்று முன்தான் என் கண்ணெதிரே ஒன்றை விழுங்கியிருந்தீர்கள். ஆரோக்கியமானவர், எண் நாற்பத்தொன்று என்று உங்கள் குப்பியில் சீட்டு ஒட்டினேன்.

முடிவுகள் வந்தபோது அந்த எண் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. நாம் தின்னும் மீனிலிருந்தும் பருப்பிலிருந்தும் கிருமிகள் சில கழிவுகளை உண்டாக்கும். சிறுநீரகம் அவற்றை வெளியே தள்ளும். முடியாதபோது ரத்தத்தில் தேங்கும். உங்கள் ரத்தத்தில் தேங்கியிருந்தது. இன்ன கிருமி, இன்ன பொருள், சிறுநீரக நோய் என்று எத்தனை வரிகளை என் கையால் பதிந்திருப்பேன். இருந்தும், மாதிரி வழியில் கெட்டிருக்கும் என்று ஒதுக்கினேன். ஆய்வு முடிவைத் தனி ஆளிடம் சொல்லக் கூடாது என்ற விதியும் கைக்கு வாகாக இருந்தது. முடிவைச் சொல்ல வேண்டாம். ஒரு தடவை கிட்னிக்கு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அதை எந்த விதியும் தடுக்கவில்லை. பதிவுகளை அனுப்புகிற அவசரத்தில் இருந்தேன். அதன் பிறகும் உங்கள் ஆட்டோவில்தான் போய்வந்தேன்.

இரண்டு வருடத்தில் உங்களை டயாலிசிஸ் அறையில் பார்த்தேன். வெளியே உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். கால் வீங்கியபோதே டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினாராம்.

"டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, எதாவது இருந்தா சொல்லியிருக்க மாட்டாங்களான்னுட்டாரும்மா."

நான் வாய் திறக்காததை நீங்கள் நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளே, ஒரு டம்ளர் டீ குடிக்க விடமாட்டேன் என்கிறார்கள், நீங்கள் சொல்லிப் பாருங்கள் என்று என்னிடமே சிபாரிசு கேட்டீர்கள். சொல்கிறேன் என்றேன். அந்த மாதமே போய்விட்டீர்கள்.

உங்களை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லித் தரவுத்தளத்தை நடத்துகிறவர்களுக்கு எழுதினேன். மாதிரி எடுத்த அன்று சொன்னதுதான் பதிவு, திருத்த வேண்டுமானால் கொடுத்தவரே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று பதில் வந்தது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் இன்றும் தங்கள் நோயாளிகளின் ரத்தத்தை உங்களுடையதோடு ஒப்பிட்டு, எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

இப்போதெல்லாம் மருந்து என்று கேட்டதோடு நான் நிறுத்துவதில்லை. போன வாரம் பட்டினச்சேரியில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் மருந்தைத் தொட்டதே இல்லை என்றார். மாத்திரை என்றதும் கைலி மடிப்பிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். நீங்கள் போட்ட அதே மாத்திரை, நாள் தவறாமல் போட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கையோடு அவரைச் சோதனைக்குக் கூட்டிப்போனேன். உங்களுக்குச் செய்யாததை இனி யாருக்குச் செய்து என்ன?

வரும் வாரம் மாதா கோயிலில் உங்கள் நினைவுப் பூசை. "டாக்டரம்மா வந்தாச்சான்னுதான் அவரு பாத்துக்கிட்டு இருப்பாரு, வந்துடுங்க" என்று உங்கள் மனைவி போனில் சொன்னார். உங்கள் ரத்தத்தில் நான் என்ன பார்த்தேன் என்பதை அன்றைக்கு அவரிடம் சொல்லிவிட வேண்டும் அண்ணே. போன வருடமும் இதையே நினைத்துக்கொண்டுதான் போனேன். குடும்பத்தோடு முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.