காபி கொண்டுவருகிறவள் போட்ட ஷீட்

ஏன்னா,

நீங்க குளிச்சுட்டு வரத்துக்குள்ளே 8.12 ரயில் போயிடும், அதான் கிளம்பிட்டேன். டப்பாவில் மோர்க்குழம்பும் கத்தரிக்காய் கறியும் கட்டி வெச்சிருக்கேன். காஸ் சிலிண்டர் வரும், சாவியை எதிர் ஃப்ளாட் மாமிகிட்டே கொடுத்துடுங்கோ.

கான்டீன் சாமான் கணக்கு ஷீட் இருக்கிற ஃப்ளாப்பி உங்க பையில் இருக்கு. பதினொரு மணிக்கு உங்க ஜி.எம்.முக்குக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டறச்சே, அரிசிக் கட்டத்தில் எத்தனை கிலோன்னு வராது. +B4*C4 என்று ஃபார்முலாவே எழுத்தா நிக்கும். பருப்பு, எண்ணெய் எல்லாம் அப்படித்தான். ஒண்ணும் அழியலை. நேத்து என் ஆபீஸ்லே வெச்சு நான்தான் அப்படித் தெரியும்படி மாத்தினேன்.

B4 என்ன, C4 என்னன்னு அவர் கேட்பார். சொல்லுங்கோ. ஞாயித்துக்கிழமை நம்மாத்து சோபாவில் உட்கார்ந்து அவர்கிட்டே, "ஒரு மாசமா நானே போட்டேன் சார், இவளுக்குக் காபி கொண்டுவரத்தான் தெரியும்"னு சிரிச்சேளே! அந்த ஒரு மாசமும் லஞ்ச் டயத்தில் சாப்பிடாமல் அதைப் போட்டது யாரு?

பழையபடி கிலோ வர நாலஞ்சு கீ தட்டினால் போதும். அது தெரியணும்னா ஜி.எம். மேஜை போனிலேர்ந்து எனக்குக் கூப்பிட்டு, ரிசீவரை அவர் கையில் கொடுங்கோ. அவருக்குத்தான் சொல்லுவேன்.

ஷ்யாமளா

மறந்துட்டேன். காபி பிளாஸ்கில் இருக்கு. அதையும் நீங்களே போட்டதாச் சொல்லிக்கோங்கோ.