ஏன் ஓடுகிறது என்று கேட்டவளுக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலமாகவே இருக்கிறோம், ஒருவரோடொருவர் சரியாகப் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். உன் சளி விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

ஆய்வுக்கூடத்தை விட்டுக் கணிதத் துறைக்கு மாறப்போகிறேன், மாதக் கடைசிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்று நீ போனில் சொன்னதிலிருந்து வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது. மாறாதே என்று உனக்கு எழுதச் சொல்லித் தாளையும் பேனாவையும் அப்பாவே என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். எழுதுகிறேன், அவர் சொன்னதை அல்ல. அவர் கவலை எனக்குத் தெரியாமல் இல்லை, நீ வடிவமைத்த பம்பு நம் ஊர் நீரேற்று நிலையத்தில் ஓடுவதை, வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறவர். “பம்புன்னா தொட்டுக் காட்டலாம், இனிமே எதைக் காட்டுவேன், தாளையா?” என்று உன் சித்தப்பாவிடம் புலம்பினார். சித்தப்பாவுக்கு இது போதாதா, “இந்த வயசுல சின்னப் பசங்களோட பெஞ்சுல உக்காரப் போறாளாம்” என்று ஊதிவிட்டார். உட்காரட்டுமே, பெஞ்சு என்ன உங்கள் வீட்டுச் சொத்தா என்று கேட்டேன். அன்றிலிருந்து அவர் வருவதில்லை, டீத்தூள் மிச்சம்.

அந்தச் சூத்திரம் ஏன் சரியாக வருகிறது என்று நீ கேட்டதற்கு, “சூத்திரம் சரியா வருது, பம்பு ஓடுது, ஏன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறே?” என்று உன் ஆய்வுக்கூடப் பேராசிரியர் கேட்டாராமே, அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்குப் பக்கத்தில் நின்றே என் வேலைக்காலம் போனது. புதிதாகச் சேர்ந்தபோது, இந்த மருந்து ஆளை எப்படி இப்படித் தூங்க வைக்கிறது என்று கேட்டேன். “தூங்குறாங்கல்ல சிஸ்டர், அப்புறம் என்ன?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். அதன்பின் ஒவ்வொரு நோயாளி கண் மூடும்போதும் அந்தக் கேள்வி வந்து நிற்கும், நான் வாயை மூடிக்கொள்வேன். நீ மூடிக்கொள்ளவில்லை. அதில் எனக்கிருக்கும் பெருமை எந்தப் பம்பைப் பார்த்தும் வந்ததில்லை.

சம்பளம் குறையும் என்றாய், குறையட்டும். கணித வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்தபோது பசங்கள் கணக்கைச் சட்டென்று போட்டுவிட்டார்கள், எனக்கு ஒரு பக்கம் புரிய ஒரு வாரம் ஆனது என்று அழுதாயே, ஆகட்டும், யாருக்கு என்ன நஷ்டம். அழுவதென்றால் சாப்பிட்டுவிட்டு அழு, வெறும் வயிற்றில் அழுதால் தலைதான் வலிக்கும். மூக்குக்கண்ணாடியை மறக்காமல் மாற்று.

நன்றாக இரு, நினைத்ததை முடி. சம்மதம் என்று எழுதி அனுப்பிவிட்டு அப்புறம் எங்களுக்குச் சொல், முன்னால் சொல்லாதே. நம் வீட்டுக் கடிதத்தில் எப்போதும் இரண்டு கையெழுத்து இருக்கும். அப்பா இதைப் படித்துவிட்டு, போடமாட்டேன் என்று எழுந்து போய்விட்டார். போகட்டும், ஒன்று போதும்.

இப்படிக்கு,
உன் பக்கம் நிற்கும்
அம்மா