உன் கேட்டில் தொங்கும் சொல்

உன் வீட்டு கேட்டில் போர்டு மாட்டிவிட்டார்கள். 'இண்டிபெண்டென்ட் வீடு விற்பனைக்கு.' நீ பால் பை மாட்டுவாயே, அதே கம்பியில். நேற்று காலையில் என் வீட்டுப் பாலை எடுக்க வந்தபோதுதான் அதைப் படித்தேன். தூ என்று துப்பிவிட்டுத்தான் உள்ளே போனேன். நீ இருந்திருந்தால், "தெருவுல துப்பாதடி, அசிங்கம்" என்று அதட்டியிருப்பாய். அந்த போர்டைவிடவா அசிங்கம்?

நாம் பொன்மலையில் ஒரே ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பெரிய மரியாதை கிடையாது. எந்தக் கட்சியும் சேர்த்துக்கொள்ளாமல், தனியாக நின்று டெபாசிட்டைப் பறிகொடுப்பவர்தான் இண்டிபெண்டென்ட். புருஷன் போனபின் ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்த்தாயே, அப்போது உன்னையும் அப்படிச் சொன்னார்கள். திமிர் பிடித்தவள் என்று அர்த்தம். "சொல்லிட்டுப் போகட்டும்டி. என் சம்பளத்துல நான் சாப்பிடறேன்" என்பாய். நீ உழைத்துச் சம்பாதித்த பெயர் அது. அதை உன் பிள்ளை, அம்மாவைப் பார்க்க வராமலிருக்க ஒரு சாக்காக்கிக்கொண்டான்.

ரிட்டயர் ஆகி, புத்தூரில் எதிரெதிர் வீட்டில் தனித்தனியாக இருந்தோம். விடிந்ததும் பால் பை உள்ளே போய்விட்டால் ஆள் நலம். தொங்கிக்கொண்டே இருந்தால் மற்றவள் போய்க் கதவைத் தட்ட வேண்டும். "செத்துக் கெடந்தா, நாறிப் போறதுக்குள்ள வந்துடுடி" என்று சிரிப்பாய். உன் சாவி என்னிடம், என் சாவி உன்னிடம். இதுதான் நம் இண்டிபெண்டென்ட் வாழ்க்கை!

உன் கண் ஆபரேஷனுக்கு வரச்சொல்லலாம் என்று அவனுக்கு போன் போட்டாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அமெரிக்காவிலிருந்து என்ன கொஞ்சல்! "உனக்கென்னம்மா, நீ ரொம்ப இண்டிபெண்டென்ட். கார் புக் பண்ணித் தரேன்." நீயும் "ஆமாப்பா" என்று சிரித்தாய். போனை வைத்தபின் சொன்னாய்: "கண்ணுல மருந்து விடக்கூட எனக்கு ஒரு கை வேணும்டி."

மருந்தை நான்தான் விட்டேன். கண் தெளிந்ததும், "ஸ்ரீரங்கம் போய்ப் பெருமாளைச் சேவிச்சுட்டு வருவோம், வா" என்றேன். நீ அசையவில்லை. "அவன் வந்து கூட்டிட்டுப் போறேன்னான். அவன் கையைப் பிடிச்சுட்டுத்தான் போவேன்." சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து எத்தனை பஸ் போகிறது! பிடிவாதக்காரி. தையில் வருகிறேன் என்றான், பங்குனி என்றான். ஒரு நாள் உன் பை வெயில் ஏறியும் கேட்டிலேயே தொங்கியது.

அதற்குப் பிறகு வந்தான். உன்னை ஸ்ரீரங்கத்துக்கும் கூட்டிப்போனான். மண் கலயத்தில், அம்மா மண்டபம் படித்துறைக்கு.

பதின்மூன்றாம் நாள் பந்தியில் நின்று எல்லோரிடமும், "அம்மா கடைசி வரைக்கும் ரொம்ப இண்டிபெண்டென்ட். யாருக்கும் பாரமா இல்ல" என்றான். உறவுக்காரர்கள் வடையைக் கடித்துக்கொண்டே தலையாட்டினார்கள். "கொடுத்துவச்ச மகராசி" என்று ஒருத்தி. நான் பாயசத்தைத் தொடவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்குக் கோபம்கூட இல்லையடி, அருவருப்பு. அழுகிய பழத்தைத் தெரியாமல் கடித்துவிட்டது மாதிரி.

எனக்கு அடுத்த வாரம் முழங்கால் ஆபரேஷன். நேற்று பெங்களூரிலிருந்து மகள் பேசினாள். "சமாளிச்சுடுவ இல்லம்மா? நீதான் ரொம்ப இண்டிபெண்டென்ட்டாச்சே."

உன்னைப் போலவே எனக்கும் "ஆமாம்மா" என்றுதான் வாய்வரை வந்தது. சிரிப்புகூட வந்துவிட்டது. எதிரே உன் கேட்டில் அந்த போர்டைப் பார்த்தேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடி. எனக்கு ஆள் வேணும். நீ கெளம்பி வா" என்றேன்.

"வேலை இருக்கேம்மா" என்று இழுத்தாள். நானும் அவளுக்குச் சுலபமாக்கிக் கொடுக்கவில்லை. பிறகு, "வரேம்மா" என்றாள்.

வருவாளோ மாட்டாளோ. நான் கேட்டுவிட்டேன். நீ கேட்காமல் விட்டதையும் சேர்த்து.