சிக்னல் இல்லை என்று சொல்லாதே

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கச்சி மூன்று பேரும் சுகம். அங்கே நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று எப்போதும் அடுத்த வரி எழுதிவிடுவேன், இந்தத் தடவை கை வரவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் பரண்மேல் ஏறாதீர்கள் என்றால் கேட்பதில்லை, நேற்று ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார், தங்கச்சிதான் கைபிடித்து இறக்கினாள். அவளுக்குப் பல் ஆஸ்பத்திரி வேலை நிரந்தரமாகிவிட்டது. நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

உன் சிநேகிதன் ஒட்டடைக்குச்சி இறந்துபோன செய்தி எனக்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கும். கடைசி பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்து படித்த பிள்ளை. வகுப்பு ஃபேனில் தூசி தட்ட வாத்தியார் ஸ்டூல் தேடாமல் அவனைக் கூப்பிட்டதில் வந்த பெயர். நம் வீட்டு பல்பெல்லாம் அவன் மாற்றியதுதான், அப்பா ஏணி வாங்கக் கிளம்பியபோது, நான் இருக்கும்போது ஏணி எதுக்கும்மா, தண்டச் செலவு என்று தடுத்துவிட்டான். மைதானத்தில் அவன் விசிலடித்தால் என் அடுப்படிக்குக் கேட்கும், ஆட்டம் முடிந்தது, நீங்கள் இரண்டு பேரும் பசியோடு வருவீர்கள் என்று தட்டு எடுத்துவைப்பேன். அவ்வளவு மூச்சு இருந்த பிள்ளை போன வருஷம் லீவில் வந்தபோது நம் மாடிப்படியில் பாதியிலேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏன்டா நிற்கிறாய் என்றால், ஒரு போட்டோ வந்திருக்கும்மா, பார்த்துட்டு வரேன் என்றான். மூச்சு வாங்கியதை மறைத்திருக்கிறான் என்று இப்போதுதான் புரிகிறது.

அவன் அம்மாவைப் பார்க்கப் போனேன். தையல் மிஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சமையல் மேடைக் கல் அறுக்கும்போது பறக்கிற தூள் நுரையீரலில் படிந்து இறுகிவிட்டதாம், முன்னாடியே அந்த வேலையை விட்டிருந்தால் இன்னும் பல வருஷம் இருந்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். இன்னொன்றும் சொன்னாள், அதைக் கேட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் பேசிக்கொண்டே இருப்பானாம், திடீரென்று சத்தம் நின்றுபோகுமாம், கொஞ்சம் கழித்து, சிக்னல் இல்லம்மா, இப்ப சொல்லு என்பானாம். இருமல் வரும்போதெல்லாம் இவளுக்குக் கேட்காதபடி போனை அமுக்கி வைத்துவிட்டு இருமியிருக்கிறான், கூடத் தங்கியிருந்தவர் இப்போதுதான் சொல்லியிருக்கிறார். பாழாப்போன டவர்னு அந்த டவரைத் திட்டினேனே அக்கா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் குரலும் நின்று நின்றுதான் வந்தது. நீயும் சிக்னல் என்றுதான் சொன்னாய். அவன் உன்னைச் சேர்த்துவிட்ட அதே பட்டறை, அதே கல். அப்பாவிடம் சொன்னால், எல்லார் போனும்தான் கட்டாகுது, பிள்ளையைச் சும்மா பயமுறுத்தாதே என்று அதட்டினார். அதட்டியவர் மருந்துக்கடைக்காரரிடம் போய் அந்த நோயைப் பற்றி விசாரித்துவிட்டு வந்திருக்கிறார், வந்ததிலிருந்து போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அப்படியே இருக்கட்டும், அம்மாவுக்குப் பைத்தியம் என்று நீ சிரிக்கும்படியே ஆகட்டும். போனில் கேட்டால் மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படித்ததும் பட்டறைக்குப் போகாதே. ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடு, கல் அறுக்கிற வேலை என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல். முதலாளி முறைத்தால் முறைக்கட்டும். சுவர் இருந்தால்தானே ராசா சித்திரம்.

நூறு வயசு நீ நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு வேறெதுவும் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. பேச்சு நடுவில் இருமல் வந்தால் போனை அமுக்காதே, என் காதிலேயே இருமு. நான் வைக்க மாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்துக்கொண்டும் பயந்துகொண்டும் இருக்கும்,
அம்மா