எனக்குத் தமிழ் தெரியும்

பசுந்தாங், ரங்கூன்.
சனிக்கிழமை.

அன்புள்ள நூர் பீவி அக்காவுக்கு,

உங்கள் மகள் மெஹ்ரீனின் வகுப்பு ஆசிரியை எழுதுகிறேன். கோலாலம்பூரில் வேலையும் உடம்பும் உங்களுக்கு நன்றாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். தாகேதாவில் உங்கள் தம்பி வீட்டில் எல்லோரும் சுகம். நேற்று போய் வந்தேன்.

‘டோ கின் தான் நுவே’ என்று நீங்கள் அறிந்த பர்மிய டீச்சர் தமிழில் எழுதுகிறாளே என்று திகைப்பீர்கள். என் பெயர் ஆன்மேரி. அப்பா தேவநேசன் துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். வீட்டில் தமிழ், கோயிலில் தமிழ். இந்தத் தனியார் பள்ளியில் சேர்ந்தபோது என் பர்மியப் பெயரைக் கொடுத்தேன். நம் ஆட்களில் பலருக்கு இரண்டு பெயர் உண்டு, அது குற்றமில்லை. நான் கொஞ்சம் வெளுப்பு, கன்னத்தில் பர்மியப் பெண்கள் பூசும் தனக்காச் சாந்து வேறு. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

உங்கள் மகளுக்கு மட்டும் தெரியும். போன மழைக்காலத்தில் லான்மடாவ் கடையொன்றில் மல்லித்தூளுக்குத் தமிழில் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பினால் பக்கத்தில் மெஹ்ரீன். வாயெல்லாம் சிரிப்பு. நான் உதட்டில் விரலை வைத்தேன். அவளும் தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு ஓடினாள்.

இந்த மாதம் ஏழாம் வகுப்புக்கு அமெரிக்க அடிமைகளைப் பற்றிய ஒரு கதையை எடுத்தேன். கறுப்பின மக்களைச் சந்தையில் நிறுத்தி, தாயை ஒருவனுக்கும் பிள்ளையை ஒருவனுக்கும் விற்கிறார்கள். வாங்கிய எஜமானி முதலில் அந்த அடிமைப் பெண்ணின் பெயரைத்தான் மாற்றுகிறாள். பிள்ளைகளின் நெஞ்சு இளகட்டும் என்று நானே பெருமையாகத் தேர்ந்தெடுத்த கதை. ஆளுக்கொரு பாத்திரமாக உரக்க வாசிக்கச் சொன்னேன். எஜமானியாக ஒரு சிவத்த பெண். அடிமைப் பெண்ணாக மெஹ்ரீன். அவள்தான் நன்றாக வாசிப்பாள், அதனால் கொடுத்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய் அக்கா. பெயரைச் சொல்வதற்கு முன் என் கண் வகுப்பில் கறுத்த முகத்தைத் தேடியது. அடிமைத்தனம் கொடுமை என்று பாடம் நடத்த வந்த என் கண்.

இடைவேளையில் சில பையன்கள் தங்கள் பைகளை அவளைத் தூக்கச் சொன்னார்களாம். 'கலா' என்று, இந்தியாவிலிருந்து வந்த கறுப்பர்கள் என்று நம்மைப் பார்த்துத் துப்புகிற அந்தச் சொல்லையும் சொன்னார்களாம். அவள் நேரே என்னிடம் வந்தாள். “டீச்சர், எனக்கு இந்தப் பார்ட்டு வேணாம் டீச்சர்” என்று தமிழில் மெதுவாகச் சொன்னாள். பள்ளிக்குள் அவள் என்னிடம் தமிழ் பேசியது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் தலைமையாசிரியை நின்றிருந்தார். நீ பேசுவது எனக்குப் புரியவில்லை என்று நான் பர்மிய மொழியில் சொன்னேன்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

நேற்று தாகேதாவுக்குப் போனேன். உங்கள் தம்பி அப்துல் பாரி என்னை ஸயாமா, டீச்சரம்மா என்று பர்மிய மொழியில் மரியாதையாக அழைத்து, நாற்காலி போட்டு, டீ கொடுத்தார். பிள்ளையைத் தையல் வேலைக்கு அனுப்பலாமா என்று பார்க்கிறோம், முடிவு அக்கா கையில் என்று பர்மிய மொழியில் சொன்னார். உள்ளேயிருந்து அவர் மனைவி தமிழில் பேசியது கேட்டது. “நம்ம புள்ள அழுதது இந்தப் பர்மாக்காரிக்கு எங்க தெரியப்போவுது? டீயக் குடிச்சிட்டுப் போவட்டும்” என்றார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். அத்தனையும் புரிந்தது. புரியாதவள் மாதிரி டீயைக் குடித்தேன்.

அப்போதுதான் உறைத்தது. நான் அவ்வளவு செய்த பிறகும், நான் தமிழச்சி என்று மெஹ்ரீன் வீட்டில்கூடச் சொல்லவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. உள்ளறை வாசலில் தொங்கிய திரைக்குக் கீழே அவள் பாதங்கள் தெரிந்தன. அப்போதாவது தமிழில் ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். வாய் வரவில்லை. அதனால்தான் கையால் எழுதிப் போனில் படமெடுத்து அனுப்புகிறேன்.

திங்கட்கிழமை அந்த அடிமைப் பெண் பாத்திரத்தை நானே வாசிக்கப் போகிறேன். அதற்கு முன் நான் யார் மகள் என்று வகுப்பில் சொல்லிவிடுவேன். வேலை போனால் போகட்டும் என்று வீறாப்பாக எழுத எனக்கு யோக்கியதை இல்லை. பயமாகத்தான் இருக்கிறது.

அவளைத் தையலுக்கு அனுப்பிவிடாதீர்கள் அக்கா. அவள் நன்றாக வாசிப்பாள் என்றேனே, அது மட்டும் உண்மை. அவளோடு பேசும்போது இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். டீச்சர் உதட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டாள், இனி நீயும் எடுத்துவிடு என்று சொல்லுங்கள். என்னை மன்னிக்கும்படி எனக்காக நீங்கள் அவளிடம் கேட்க வேண்டாம். அதை நான்தான் கேட்க வேண்டும், எல்லோர் முன்னாலும், தமிழில். அதற்காகவாவது ஒரே ஒரு நாள் அவளைப் பள்ளிக்கு அனுப்பிவையுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தேவநேசன் மகள்
ஆன்மேரி